கொப்பி யாருடையது?

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, புல்மோட்டையில் எனது கடைக் கொப்பி ஒன்று நிவாரணப் பதிவேடாக மாறியது. முன்பக்கத்தில் சீமெந்து, ஆணி, நைலோன் கயிறு வாங்கியோரின் பாக்கிக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து வீடு இழந்தோர், தோணி இழந்தோர், வலை இழந்தோரின் பெயர்கள். பள்ளிவாசலில் ஒரு பட்டியல், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பட்டியல், லொறியில் வந்திறங்கிய ஒவ்வொரு நிவாரணக் குழுவிடமும் இன்னொரு பட்டியல். நான்கிலும் பெயர் இருந்த குடும்பமும் உண்டு. ஒன்றிலும் பெயர் இல்லாத விதவையும் உண்டு. "என்ட பேர் எந்தக் கொப்பியில இரிக்கு தம்பி?" என்று அந்தத் தாய் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதே நாட்களில் கொழும்பில் சில கணனிப் பொறியியலாளர்கள் இதே சிக்கலைத் தீர்க்க உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. 2003இல் ஆரம்பிக்கப்பட்ட லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட தொண்டர்கள், காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பதியும் மென்பொருளை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

இது திறந்த மூல மென்பொருள் வகையைச் சேர்ந்தது. அதாவது, உள்ளே எழுதப்பட்டிருப்பதை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுக்கலாம். வியாபாரிகளான எமக்கு உடனே ஒரு கேள்வி எழும். சம்பளப் பட்டியல் இல்லை, முதலாளி இல்லை. எழுதுபவர்கள் பல நாடுகளில் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் காணாத ஆட்கள். இவர்களுக்குள் யார் முடிவெடுப்பது? சண்டை வந்தால் யார் தீர்ப்பது?

இதற்கு உலகம் பின்பற்றும் தெளிவான உதாரணம் அபாச்சி அறக்கட்டளை. இணையத்தளங்களை இயக்கும் ஒரு மென்பொருளை 1995 முதல் கூட்டாகப் பராமரித்து வந்தவர்கள் 1999இல் அமைத்த இலாப நோக்கற்ற அமைப்பு அது. அதன் திட்டங்களில் இலங்கைப் பொறியியலாளர்களும் முன்னணியில் நின்று உழைத்திருக்கிறார்கள். அங்குள்ள ஒழுங்குகளை வாசித்தபோது, கணனிக்காரர்களை விட எமது வர்த்தக சங்கங்களுக்கே இவை அதிகம் தேவை என்று எனக்குப் பட்டது.

முதலாவது, அந்தஸ்து உழைப்பால் வருகிறது. புதிதாக வருபவர் தனது திருத்தத்தை அனுப்பலாம். ஆனால் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை அவருக்கு இல்லை. தொடர்ந்து நல்ல வேலை செய்தால், ஏற்கெனவே உள்ளவர்கள் கலந்துபேசி அந்த உரிமையை வழங்குகிறார்கள். அதற்கு மேல் திட்டத்தை நிர்வகிக்கும் குழு. அதற்கும் மேல் உறுப்பினர்கள் வருடந்தோறும் தெரிவு செய்யும் 9 பேர் கொண்ட பணிப்பாளர் சபை. எவ்வளவு பெரிய கம்பனியானாலும் பணம் கொடுத்து ஆசனம் வாங்க முடியாது. அந்தக் கம்பனியின் ஊழியரும் அங்கே தனி மனிதராகவே கணிக்கப்படுகிறார்.

இரண்டாவது, மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். ஆதரவுக்கு +1, எதிர்ப்புக்கு -1 என்று வாக்கிடுவார்கள். மென்பொருளில் செய்யும் ஒரு மாற்றத்தை, வாக்குரிமையுள்ள ஒரேயொருவர் கூட -1 போட்டுத் தடுக்கலாம். ஆனால் தொழில்நுட்பக் காரணத்தை அவர் எழுதித் தரவேண்டும். காரணமற்ற மறுப்பு செல்லாது. புதிய பதிப்பு வெளியிடுவதை மட்டும் ஒருவரால் தடுக்க முடியாது. அதற்குக் குறைந்தது 3 ஆதரவு வாக்குகளும், எதிர்ப்பை விடக் கூடுதலான ஆதரவும் போதும். ஆக, பிழையைத் தடுக்கும் அதிகாரம் தனி மனிதருக்கு உண்டு. வேலையை முடக்கும் அதிகாரம் இல்லை.

மூன்றாவது, பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும். வாக்கெடுப்புக்குப் பொதுவாகக் குறைந்தது 72 மணித்தியாலம் தருகிறார்கள். உலகின் மறுபக்கத்தில் தூங்குபவரும் எழுந்து கருத்துச் சொல்லட்டும் என்பதற்காகவே அந்த அவகாசம். இரண்டு பேர் தேநீர்க் கடையில் பேசி முடித்தது அங்கே முடிவாகாது.

நான்காவது, பிரிந்துபோகும் உரிமை எவருக்கும் உண்டு. எவரும் பிரதி எடுத்து வேறாக நடத்தலாம் என்பதால், தலைமை செவிசாய்த்தே ஆகவேண்டும். ஓப்பன் ஒபிஸ் மென்பொருளை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010இல் ஒரக்கிள் வாங்கியது. திட்டத்தின் எதிர்காலம் பற்றிக் கவலைகொண்ட பங்களிப்பாளர்கள் பலர், அதே வருடம் செப்டெம்பரில் பிரதியுடன் வெளியேறி 'லிப்ரே ஒபிஸ்' தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஒரக்கிள் ஓப்பன் ஒபிஸை அபாச்சியிடமே ஒப்படைத்தது. பெயர்ப்பலகை ஒரு பக்கம் இருக்க, உழைத்த கைகளில் பெரும்பகுதி மறுபக்கம் போய்விட்டது. சஹனவோ வேறு வழியில் சென்றது. அதன் வேலை இரண்டு கணனி மொழிகளில் இரண்டு கிளைகளாக நடந்தது. ஆனால் 2009இல் அமைக்கப்பட்ட ஒரே அறக்கட்டளையின் கீழ் இரண்டும் இருந்தன.

நான் அங்கத்தவராக இருந்த ஒரு வர்த்தக அமைப்பு இப்போது இல்லை. கணக்குக் கொப்பி ஒருவர் வீட்டு அலுமாரியில் இருந்தது. அவர் திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். காசு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் கேட்டவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், கேட்காதவர்கள் சந்தேகத்துடன் இருந்தார்கள். அவசரத் தேவை வந்த நாளில் சந்தா கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. நானும் கேட்காதவர்களில் ஒருவன். அந்த மௌனத்தில் எனக்கும் பங்குண்டு.

இவையெல்லாம் எமக்குப் புதியவையா? மஷூராவின் பெயரிலேயே அல்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி பணிக்கும் வசனம்தான். ஆனால் எமது மஷூராக்களில் பெரும்பாலும் சத்தம் கூடியவர் வெல்கிறார்; எழுதப்பட்டதோ அலுமாரிக்குள் போகிறது.

சங்கம் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு யோசனை. கணக்கின் பிரதி மூன்று பேரிடம் இருக்கட்டும். முக்கிய முடிவுக்கு முன் மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். எதிர்ப்பவரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள்; எழுதித் தந்தால் மதித்து ஆராயுங்கள். பதவியை நன்கொடைக்குக் கொடுக்காமல், ஓடியாடி வேலை செய்யும் இளைஞனுக்குக் கொடுங்கள். இதற்குக் கணனி தேவையில்லை. ஐந்து ரூபாவும் செலவில்லை. சற்று மனத்தாழ்மை மட்டும் வேண்டும். அதுதான் எம்மிடம் விலை கூடிய சரக்கு.

அந்தப் பழைய கொப்பி இன்னும் என் கடையில் இருக்கிறது. விதவையின் பெயரைப் பிந்தித்தான் சேர்த்தேன். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பொதுக் கணக்கு என்பது அமானிதம். அது யாருடைய கையில் இருந்தாலும், தன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கும் உரிமை அந்தத் தாய்க்கு இருக்க வேண்டும்.