உஷார்! நீலக்கடல் போட்டோவைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள்

2023 ஜூலை 22. கிரீஸ் நாட்டின் ரோட்ஸ் தீவு. கியோதாரி, லார்டோஸ் கடற்கரைகளில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். முன்னால் கடல். முதுகுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கி வரும் காட்டுத்தீ. ஒரு கையில் குழந்தை, மறு கையில் பெட்டி. கடலோரக் காவல்படைப் படகுகளும் தனியார் படகுகளும் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்தத் தீயில் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 19,000 பேர். பள்ளிக்கூடத்திலும் விளையாட்டரங்கிலும் விமான நிலையத் தரையிலும் படுத்து எழுந்தார்கள். இவர்கள் யாரும் சாகசப் பயணம் கிளம்பியவர்கள் கிடையாது. பெரும்பாலோர் ஒரு வாரம் கடற்கரையில் காலை நீட்டிப் படுக்கலாம் என்று வந்தவர்கள்.

கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், சைப்ரஸ். லண்டனிலும் பாரிஸிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆகஸ்ட் பிறந்தால் இவைதான் போக்கிடம். இப்போது சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஹனிமூன், குடும்பச் சுற்றுலா என்று கிளம்புகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது. ரீல்ஸில் ஒரு நீலக்கடல், ஆஃபரில் ஒரு விலை. இரண்டும் பிடித்துவிட்டால் உடனே 'புக்கிங்'. அந்த மாதத்தில் அங்கே எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், ஓட வேண்டி வந்தால் எத்தனை சாலை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

'நாம பார்க்காத வெயிலா?'

முதலில் இந்த வசனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி செல்சியஸ், 2003 மே மாதத்தில். சிசிலித் தீவின் ஃப்ளோரிடியாவில் 2021 ஆகஸ்ட் 11 அன்று பதிவானது 48.8 டிகிரி. ஐரோப்பாவின் உச்சமாக உலக வானிலை அமைப்பே அதை உறுதி செய்திருக்கிறது. 2025 ஜூன் 28 அன்று ஸ்பெயினின் ஹூயெல்வா மாகாணத்தில் 46 டிகிரி. அதே ஹூயெல்வாதான் நீண்ட மணல் கடற்கரைகளுக்குப் பெயர்போனது. 2022 கோடையில் மட்டும் ஐரோப்பாவில் வெப்பத்தால் 60,000-க்கும் அதிகமானோர் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

டிகிரிக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊரில் உச்சி வெயிலில் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, மோர் குடித்துவிட்டுப் படுக்கிறோம். விடுமுறைக்குப் போன இடத்தில் என்ன செய்கிறோம்? காலை டிபனை லேட்டாக முடித்து, பன்னிரண்டு மணிக்குக் கோட்டை பார்க்க மலையேறுகிறோம். வெயில் பழகிய உடம்பு என்று நாம் பெருமைப்படுவதில் பாதி, வெயிலுக்கு ஒதுங்கத் தெரிந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுத்துப் போகிறோம்.

அங்குள்ள வெயில் பெரும்பாலும் வறண்ட வெயில். வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். தண்ணீர் வற்றுவது தலை சுற்றும்போதுதான் தெரியும். பகலும் நீளம். சென்னையில் ஜூன் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம். ஏதென்ஸில் கிட்டத்தட்ட 15. ஸ்பெயினில் இன்னொரு சங்கதி. கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது. மலகாவில் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் இரண்டரை மணி வாக்கில்தான். 'மூணு மணி ஆச்சு, வெயில் தாழ்ந்திருக்கும்' என்று கிளம்பினால் நேராக உச்சி வெயிலில் போய் நிற்பீர்கள். ஐந்து, ஆறு மணிக்குத்தான் அங்கே அனல் அதிகம். போதாக்குறைக்கு மலகா பக்கம் 'தெரால்' என்றொரு காற்று உண்டு. உள்நாட்டிலிருந்து மலை இறங்கி வந்து, கடற்கரை ஊரைச் சில மணி நேரத்தில் அடுப்பாக்கிவிடும்.

2024 ஜூனில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி கிரீஸின் சைமி தீவில் ஒரு கடற்கரையிலிருந்து பகல் வெயிலில் தனியாக நடந்து கிளம்பினார். நான்கு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. வயது 67. ஆரோக்கியம் பற்றி ஊருக்கே எடுத்துச் சொன்னவர். அதே மாதத்தில் கிரேக்கத் தீவுகளில் வெயிலில் நடக்கப் போன வேறு சில பயணிகளும் இறந்தார்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதை இன்னொரு முறை படியுங்கள். பிபி-க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடல்நீர் சீக்கிரம் வற்றும். கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினைக் காரிலோ கடற்கரைப் பையிலோ போட்டு வைத்தால் கெட்டுப்போகும். யாராவது உடம்பு கொதிக்க, பேச்சு குழறி, தடுமாறினால் அது 'சாதாரண மயக்கம்' இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 112-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பின்னால் பைன் காடு, முன்னால் ஒற்றைச் சாலை

ஏதென்ஸுக்குப் பக்கத்தில் மாத்தி என்ற கடலோர ஊர். 2018 ஜூலை 23 அன்று மலைப்பக்கம் பிடித்த தீ, பலத்த காற்றில் கடல் வரை வந்தது. குறுகிய தெருக்களில் கார்கள் சிக்கிக்கொண்டன. கடலுக்கு இறங்க வழி தெரியாமல் பாறை விளிம்பிலேயே மாண்டவர்கள் உண்டு. இறந்தவர்கள் 104 பேர். அங்கே தீயோடு சேர்ந்து கொன்றது வழியில்லாத ஊரமைப்பு.

ஆகவே விடுதியை வரைபடத்தில் பாருங்கள். சுற்றிலும் பைன் மரக்காடா? வெளியேற ஒரே சாலையா? கடலுக்கு நேராக இறங்கலாமா, செங்குத்துப் பாறையா? 'அமைதியான ஒதுக்குப்புறம்' என்று விளம்பரம் சொன்னால், ஆபத்து வரும்போது உதவிக்கும் அது ஒதுக்குப்புறம்தான். இறங்கியதும் போனில் அவசர எச்சரிக்கைகளை 'ஆன்' செய்து வையுங்கள். கிரீஸில் 112 என்ற எண்ணிலிருந்து எந்த ஊரை விட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று செய்தி வரும். வந்தால் பெட்டி கட்டிக்கொண்டிருக்காதீர்கள். பாஸ்போர்ட், மருந்து, தண்ணீர் போதும்.

தீ வராவிட்டாலும் வெயிலே ஊரை முடக்கிவிடும். 2023 ஜூலையில் சிசிலியின் கத்தானியாவில் வெப்பத்தில் நிலத்தடி மின்கம்பிகள் பழுதாகி, பல வீடுகளில் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் போயின. 2024-இல் அதே தீவின் அக்ரிஜெந்தோ வறட்சியில் தவித்து, தண்ணீரை முறை வைத்து விட்டது. சிறிய விடுதிகள் வந்த விருந்தினரைத் திருப்பி அனுப்பின.

'கால் நனைக்கத்தானே போறோம்!'

நம்மில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்வோம். மத்தியதரைக் கடல் குளம் மாதிரித் தெரியும், அதை நம்பாதீர்கள். கெஃபலோனியாவின் மிர்தோஸ் போன்ற கூழாங்கல் கரைகளில் நாலைந்து அடி வைத்ததும் ஆழம் சட்டென்று சரிந்துவிடும்.

ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் 'மெல்தெமி' என்ற வடகாற்று வீசும். தெற்கு பார்த்த கரையில் அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குழந்தை படுத்திருக்கும் காற்று மெத்தை மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காற்றடைத்த பொம்மைகளை அந்தக் கடலில் விடவே விடாதீர்கள்.

போர்ச்சுகலின் மேற்குக் கரையும் ஸ்பெயினின் வடகரையும் அட்லாண்டிக். அங்கே அலை இழுக்கும், தண்ணீரும் குளிரும். சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் கால்கூட வைக்கக் கூடாது. மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது என்பது போர்ச்சுகல் வழக்கம். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி பறந்தால் உயிர்காப்பாளர் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று பொருள். அதை அழகுக்குக் கட்டியதாக நினைத்து இறங்குகிறவர்களும் உண்டு.

போட்டோ சொல்லாமல் விட்டது

வெள்ளைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே துருப்பிடித்த கப்பல் கிடக்கும் கடற்கரைப் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். ஸாகிந்தோஸ் தீவின் நவாயியோ அது. 2018-இல் பாறை சரிந்து பயணிகள் காயப்பட்டார்கள். 2022-இல் மறுபடி சரிவு. அதன்பின் வந்த கோடைகளில் அங்கே இறங்கத் தடை போட்டார்கள். விளம்பரங்களில் மட்டும் இன்றும் அதே படம்.

சான்டோரினியின் வெள்ளை வீடு, நீலக் குவிமாடம்? அவை எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கின்றன. ரூமைவிட்டு இறங்கினால் கடற்கரை இருக்காது. கமாரி, பெரிஸ்ஸா போன்ற கடற்கரைகள் தீவின் மறுபக்கம். மணல் கறுப்பு, பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. 2025 பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கத்தால் 11,000-க்கும் அதிகமானோர் அந்தத் தீவைவிட்டு வெளியேறியதையும் நினைவில் வையுங்கள்.

இத்தாலியில் நிழலுக்கே காசு. நல்ல கடற்கரைகளில் பெரும்பகுதி குத்தகைக்காரர்கள் கையில். குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் நாள் வாடகை கட்ட வேண்டும். இலவசக் கரையில் குடையை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சார்டினியாவின் லா பெலோசாவில் கோடையில் ஒரு நாளைக்கு 1,500 பேருக்குத்தான் அனுமதி, முன்பதிவு செய்யாமல் போக முடியாது. அதே தீவில் ஞாபகார்த்தமாக ஒரு பாட்டில் மணல் எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம்.

மாதத்தை மாற்றினால் பாதி ஆபத்து குறையும்

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. தென் ஐரோப்பாவில் அப்போது வெயில் இதமாக இருக்கும். கடல் மட்டும் குளிரும், மே மாதம் கிரீஸில் 18 முதல் 20 டிகிரிதான். சுற்றிப் பார்க்க அருமை, குளிக்கத்தான் யோசிக்க வேண்டும். கடல் சூடேறவும் ஆறவும் நாள் எடுக்கும். அதனால் வெயில் தணிந்த செப்டம்பரிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். விடுமுறையை நீங்களே முடிவு செய்ய முடிந்தால் செப்டம்பருக்குத்தான் என் ஓட்டு. அப்போதும் வானிலையைக் கவனியுங்கள். 2023 செப்டம்பரில் 'டேனியல்' புயல் கிரீஸின் வோலோஸ், பிலியோன் பகுதிகளைப் புரட்டிப் போட்டது.

ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டிருப்பவர்களுக்கு ஆகஸ்டை விட்டால் வழியில்லை. அப்படியானால் ஊரை மாற்றுங்கள். ஸ்பெயினின் வடகரையில் சான் செபாஸ்டியன் பக்கம் ஆகஸ்டுப் பகல் சராசரி 22 முதல் 25 டிகிரி. ஏதென்ஸ் 33, 34-இல் வேகும்போது மெல்தெமி வீசும் நக்ஸோஸில் 27, 28. ஆனால் அந்தக் காற்று பலமானால் கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். தீவிலிருந்து கப்பலில் வந்து அன்றைக்கே விமானம் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள். நடுவில் ஒரு ராத்திரி விடுங்கள்.

பணம் கட்டும் முன்

ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்திடம் விமானமும் விடுதியும் சேர்ந்த 'பேக்கேஜ்' வாங்கினால் சட்டம் ஓரளவு உங்கள் பக்கம் நிற்கும். போகும் ஊரில் காட்டுத்தீ போன்ற அசாதாரணச் சூழல் பயணத்தைப் பெரிதும் பாதித்தால், கிளம்பும் முன் ரத்து செய்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பிரிட்டனிலும் இதே மாதிரி விதி உண்டு. 'தனித்தனியாப் போட்டா மலிவு' என்று விமானத்தை ஓரிடத்திலும் ரூமை வேறிடத்திலும் போட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தியாவில் ஏஜென்டிடம் வாங்குகிறவர்கள் ரத்து விதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. பயணம் ரத்தானால் பணம் தருமா என்பதைத் தனியாகப் பாருங்கள். வாடகை ஸ்கூட்டரில் விழுந்தால் தருமா என்பதையும் கேளுங்கள். இன்னொன்று, சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் சேராத நாடு. விசா விதியைத் தனியாக விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

கடைசியாக, விடுதிக்கு இந்த ஐந்து கேள்விகளையும் அனுப்புங்கள்:

1. படுக்கையறையில் ஏசி உண்டா? அதற்குத் தனிக் கட்டணமா?
2. குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? பல கிரேக்கத் தீவுகளில் குடிக்க முடியாது.
3. கடற்கரைக்கு நடை எவ்வளவு தூரம்? வழியில் நிழல் உண்டா?
4. கரையில் உயிர்காப்பாளர் எந்த மாதம், எத்தனை மணி வரை?
5. தீ வந்தால் வெளியேற எத்தனை வழி?

ஐந்துக்கும் பதில் வராத இடத்துக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். எவ்வளவு அழகான படமாக இருந்தாலும், எவ்வளவு மலிவான விலையாக இருந்தாலும் சரி.