வானத்துப் பாலும் வற்றுமோ?

பால்மரம் வெட்டும் தொழிலாளர் விடியுமுன்னே எழுபவர். மாசி, பங்குனி மாதங்களில் மேகமற்ற வைகறைப் பொழுதில் தென்திசை வானை நோக்குவோர், வெண்புகை படிந்தாற்போல் ஓர் ஒளிப்பட்டையைக் காண்பர். கேமரன் மலையில், 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள கியா பார்மின் சரிவுகளில் நின்று பார்த்தாலும், மூடுபனி விலகும் வேளையில் அதே காட்சி தென்படும். அதுவே பால்வீதி. பல்லாயிரங்கோடி விண்மீன்கள் தட்டையான வட்டத்தட்டு வடிவில் சுழலும் மாபெரும் கூட்டம் அது. நம் கதிரவனும் அதில் ஒன்று.

இத்தகைய தட்டுகள் எப்போது, எவ்வாறு தோன்றின? இவ்வினாவிற்கு விடை தேடுவதில் இந்திய ஆராய்ச்சியாளரும் முன்னணியில் நிற்கின்றனர்.

தட்டு அமையும் விதம்

பேரண்டத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் விண்மீன்கள் இல்லை. பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயுவே இருந்தது. ஈர்ப்பு விசையால் வாயு திரண்டு சுருங்கியது. கயிற்று ஊஞ்சலை முறுக்கிவிட்டுச் சுழலும் சிறுவன், நீட்டிய கால்களை மடக்கினால் சுழற்சி விரைவதைக் கண்டிருப்பீர்கள். வாயுவும் அவ்வாறே சுருங்கச் சுருங்க விரைந்து சுழன்றது. மேலும் கீழுமாக அலைந்த வாயு ஒன்றோடொன்று மோதி, வெப்பத்தை ஒளியாக வெளியேற்றி அடங்கியது. சுழற்சி மட்டும் எஞ்சியது. ஆகவே அது தட்டையாயிற்று. அத்தட்டிலே குளிர்ந்து அடர்ந்த வாயுத் திரள்களிலிருந்து விண்மீன்கள் பிறந்தன.

சுழற்சியை அளப்பது எவ்வாறு?

மலைப்பாதையில் நம்மை நோக்கி வரும் லாரியின் ஹாரன் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்கும். ஒளி அலைகளும் ரேடியோ அலைகளும் இத்தன்மையுடையனவே. சுழலும் தட்டில் நம்மை நெருங்கும் பக்கத்து அலைகள் குறுகும்; விலகும் பக்கத்து அலைகள் நீளும். இவ்வேறுபாட்டைக் கொண்டு வேகம் கணிக்கப்படுகிறது.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கியைக் கொண்டு, 2020-ஆம் ஆண்டில் ‘வுல்ஃப் தட்டு’ எனும் மண்டலம் இம்முறையில் அளக்கப்பட்டது. பேரண்டம் தோன்றி ஏறக்குறைய 150 கோடி ஆண்டுகளே ஆன காலத்திலேயே, அதன் வாயு வினாடிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காகச் சுழன்றுகொண்டிருந்தது. ஒழுங்கான தட்டுகள் மிகப் பிற்காலத்தில்தான் உருவாயின எனும் பழைய எண்ணத்தை அது அசைத்தது.

2025-ஆம் ஆண்டில் புனே நகர ஆராய்ச்சியாளரான ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகிய இருவரும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த ஒரு சுருள் மண்டலத்தைக் கண்டறிந்தனர். இமயத்து ஆற்றின் பெயரால் அதற்கு ‘அலக்நந்தா’ எனப் பெயரிட்டனர். அதன் குறுக்களவு ஏறக்குறைய 30,000 ஒளியாண்டுகள். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 கதிரவன்களின் நிறையுள்ள விண்மீன்கள் அதிலே பிறந்தன. நம் பால்வீதியின் இன்றைய அளவைவிட இது பன்மடங்கு அதிகம்.

வாயு வற்றினால்?

பால்மரத்தை ஓய்வின்றி வெட்டினால், பால் ஊறுவதற்குமுன் வடிந்து, மரம் வறண்டுவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். விண்மீன் மண்டலத்தின் நிலையும் அதுவே. வாயு புதிதாக வந்து சேராவிடில் விண்மீன் பிறப்பு குன்றும்.

இவ்வாயுவை அளக்கும் கலையில் தமிழகத்திற்கும் பங்குண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், தேயிலை விளையும் நீலகிரியில், உதகைக்கு அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970-இல் நிறைவுற்றது. மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்தி அது நிறுவப்பட்டது. பின்னர் அவர் தலைமையிலேயே புனே அருகில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 பெருங்கிண்ணங்கள் அமைந்தன.

அக்கிண்ணங்களின் துணையால் ஆதித்ய சௌத்ரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் ஆகியோர் அடங்கிய குழு, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்டலங்களின் ஹைட்ரஜனை 2020-இல் அளந்தது. ஒவ்வொன்றின் அலையும் மிக மெலிந்தது. கோப்பை கோப்பையாகச் சேர்ந்த பால் வாளியை நிறைப்பதுபோல், 7,653 மண்டலங்களின் அலைகளைக் கூட்டியே கணக்கிட்டனர். கையிருந்த வாயு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானது எனத் தெரியவந்தது. வெளியிலிருந்து வரும் வாயு ஈடுசெய்யாததாலேயே பேரண்டத்தில் விண்மீன் பிறப்பு குறைந்தது என அவர்கள் முடிவு கண்டனர். ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உச்சத்திலிருந்த அப்பிறப்பு, இன்று பத்தில் ஒரு பங்களவே.

நாளை வைகறையில் வானம் தெளிந்திருக்குமாயின், உங்கள் பிள்ளைகளை அழைத்துப் பால்வீதியைக் காட்டுங்கள். அங்கும் மெல்ல மெல்லக் குறைந்துவரும் ஒரு செல்வத்தைக் கொண்டே ஒளி பிறக்கிறது என்பதையும் எடுத்துரையுங்கள்.