மல்லிகை மணக்கும் ஃப்ரீசர்

பின்கதவால் வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு! கிழக்கிலங்கையின் பாண்டிருப்பில் ஒரு குசினிக்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம். திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பால் பேர்போன ஊர். அங்கே இன்றைக்கு ஐஸ் வேலை நடக்கிறது. மேசையில் வனிலா எசன்ஸும் இல்லை, கலர்ப் பொடியும் இல்லை. ஒரு சுளகில் மல்லிகை மொட்டு, கிண்ணத்தில் நீலச் சங்குப்பூ, பக்கத்தில் டின்பால். பூசைச் சாமான் என்று கும்பிட்டுவிடாதீர்கள், எல்லாம் வயிற்றுக்குப் போகப்போகிறவை!

பூ வாசம் இந்தப் பக்கத்து நாக்குக்குப் புதிதா என்ன? கல்முனையில் பலூடா குடித்தவர்களுக்கு ரோஸ் சிரப் பழகிப்போனது. தமிழர் கலியாணமோ முஸ்லிம் கலியாணமோ, பன்னீர் தெளிக்காமல் யார் விடுகிறார்கள்? ரோஜா இத்தனை தூரம் உள்ளே வந்துவிட்டது. மல்லிகைதான் பாவம், கொண்டையோடு நின்றுவிட்டது. அதைச் சட்டிக்குள் இறக்குவதுதான் இன்றைய சதி.

முதல் ரகசியம் நேரம். குண்டுமல்லிகை பொழுதுபட்ட பிறகுதான் விரியும். அதனால் பின்னேரம், இதோ விரியப்போகிறேன் என்று நிற்கிற வெள்ளை மொட்டாகப் பார்த்துப் பறிக்கவேண்டும். பறித்த பிறகும் அது வாசத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர்கள் இந்தக் குணத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, மேலே மல்லிகையைப் பரப்பிவிடுவார்கள். வாசம் முழுக்கக் கொழுப்பில் இறங்கிவிடும். சீனாக்காரர் தேயிலையோடு மொட்டுகளைக் கலந்து இராத்திரி முழுக்க வைப்பதும் இதே தந்திரந்தான். நமது குசினியில் கொழுப்புக்கு எங்கே போவது? அதுதான் கிரீம் இருக்கிறதே!

விப்பிங் கிரீம் 250 மில்லிலீற்றர், மருந்தடிக்காத மொட்டு இரண்டு கைப்பிடி. பச்சைக் காம்பைக் கிள்ளி எறிந்து, பூவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, குளிர்ந்த கிரீமுக்குள் அமுக்கி, இறுக்கி மூடி பிரிட்ஜில் வைக்கவேண்டும். அடுப்புப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. கொதித்தால் நல்ல வாசம் ஆவியோடு போய்விடும். மிஞ்சுவது அவித்த கீரை மணம்.

காலையில் மூடியைத் திறக்கிற நேரம் இருக்கிறதே! கிரீம் நேற்றைய வெள்ளையிலேயே இருக்கிறது. ஓரம் பழுப்பேறிய இதழ்கள் துவண்டு மிதக்கின்றன. பார்க்க ஒன்றுமே நடக்காதது போல. மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள்... அடியாத்தே! குசினிக்குள் ஒரு கலியாண வீடு!

பூவை வடித்துவிட்டு பீட்டரால் அடிக்கவேண்டும். தூக்கினால் நுனி மெல்ல வளைகிற பதம் வந்தால் நிறுத்துங்கள். ஆசையில் இன்னும் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். அரை டின் டின்பால், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மெதுவாகக் கிளறி ஃப்ரீசருக்குள். ருசி பார்க்கும்போது திகட்டுகிற மாதிரி இனிக்கவேண்டும். குளிரில் நாக்கு மரத்துப்போவதால் உறைந்த பிறகு அந்த இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

இனி வேடிக்கைக் காட்சி. சங்குப்பூவுக்கு வாசம் கிடையாது, நிறம் மட்டுந்தான். சுடுதண்ணீரில் ஊறவைத்து, சீனி போட்டுப் பாகாகக் காய்ச்சினால் ஆழ்ந்த நீலம். அதில் தேசிக்காய்ச் சாறு நாலு சொட்டு விடுங்கள். கண்ணுக்கு முன்னாலேயே ஊதா! இன்னும் விட்டால் ரோஸ் பக்கம் சாயும். புளிப்புப் பட்டதும் பூவிலுள்ள சாயம் நிறம் மாறுகிறது, மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஆறிய பாகை ஐஸ்கிரீம் மேலே கோடு கோடாக ஊற்றினால் வீட்டுப் பிள்ளைகள் கூச்சல்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களுக்கு வேறு வழி சொல்லித்தரவா வேண்டும்! மீன் ஐஸை உடைத்து வாளியில் போடுங்கள். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. உப்பு பட்ட ஐஸ் உருகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்கும் அப்பால் குளிர் இறங்கும். நடுவில் கலவைப் பாத்திரத்தை மூடிவைத்துச் சுழற்றி, இடைக்கிடை கிளறினால் உறைந்துவிடும். மீன் ஐஸ் வெளியே மட்டும், சொல்லிவிட்டேன்!

உற்சாகத்தில் கண்ட பூவையும் கிள்ளிப் போடாதீர்கள். அலரி நஞ்சு, வாசலில் பூத்தாலும் சட்டிக்கு ஆகாது. கலியாண வீட்டில் தெளிக்கிற பன்னீரும் எல்லாம் சாப்பிட உகந்ததல்ல. சமையலுக்கென்று விற்பதைத்தான் எடுக்கவேண்டும்.

ஃப்ரீசரில் வைத்த ஐஸ்கிரீமை ஏழெட்டு மணித்தியாலம் கழிய வெளியே எடுத்து, ஐந்து நிமிடம் பொறுங்கள். கல்லாக இருக்கும்போது மணம் வராது. கிரீம் வாய்ச்சூட்டில் இளகும்போதுதான் பூ தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஃப்ரீசர் வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்துவது நல்லது. கையில் கரண்டி இல்லாத ஆளாகப் பார்த்து!