பெரிய எண்களை விளங்கிக்கொள்வோம்

வெள்ள நிவாரணத்துக்கு 100 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டதாக வானொலியில் அறிவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் மனம் குளிர்கிறது. ஆனால் அதில் நம் குடும்பத்துக்கு வருவது எவ்வளவு? வீட்டையும் காணியையும் விட்டு இடம்பெயர்ந்து வந்திருக்கும் நாம் இந்தக் கணக்கை அறிந்திருப்பது அவசியம்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். வீட்டுப் பெரியவர்கள் இலட்சம், கோடி என்பார்கள். செய்தியிலும் அரசாங்கக் கடிதங்களிலும் மில்லியன், பில்லியன் என்று வரும். பத்து இலட்சம் ஒரு மில்லியன். பத்து மில்லியன் ஒரு கோடி. நூறு கோடி, அதாவது ஆயிரம் மில்லியன், ஒரு பில்லியன்.

மில்லியன், பில்லியன் என்ற இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. செக்கனைக் கொண்டு அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒரு நாளில் 86,400 செக்கன்கள் உள்ளன. ஒரு மில்லியன் செக்கன் பதினொன்றரை நாளில் கழிந்துவிடும். ஒரு கோடி செக்கனுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் செல்லும். ஒரு பில்லியன் செக்கன் கழிய 31 வருடங்களுக்கு மேலாகும். இன்று பிறக்கும் பிள்ளை வளர்ந்து, தானும் பிள்ளை பெற்றுவிடும் காலம் அது!

காணியை வைத்தும் பார்க்கலாம். பிள்ளைகளின் அடிமட்டத்தில் உள்ள மிகச் சிறிய இடைவெளி ஒரு மில்லிமீற்றர். நிலத்தில் ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட சதுரம் கீறி, அதை மில்லிமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு மில்லியன் கட்டங்கள் வரும். பில்லியன் கட்டங்கள் வேண்டுமானால் கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச் காணி தேவை. ஒன்றில் ஒரு ஆள் குந்தியிருக்கலாம். மற்றதில் வீடு கட்டி, மரக்கறித் தோட்டமும் போடலாம்.

பெருகும் எண்ணில் இன்னும் கவனம் வேண்டும். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபா கடன் வாங்குகிறோம். வட்டியைக் கட்டாமல் விட, அது முதலோடு சேர்ந்து மீண்டும் வட்டி போடுகிறது. எட்டாம் மாதத்தில் கடன் இரண்டு மடங்கைத் தாண்டும். ஒரு வருடத்தில் 31,000 ரூபாவுக்கு மேல். இரண்டு வருடத்தில் 98,000 ரூபாவுக்கும் மேல்! வட்டி வட்டியாகக் குட்டி போடுவதால் வரும் வினை இது. கையெழுத்து வைக்குமுன் இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டுப் பாருங்கள்.

எண்ணுக்குள் மனிதர் மறைந்துபோவதும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மலையகத் தமிழர் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. தாளில் இது ஒரு வரிக் கணக்கு. அந்த 525,000 பேரின் பெயர்களை, பெயருக்கு ஒரு செக்கனாக, பசறைச் சந்தியில் நின்று வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கி, இரவு பகல் ஓயாமல் வாசித்தாலும், ஞாயிறு காலை எட்டு மணியளவில்தான் முடியும். ஒவ்வொரு செக்கனும் ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு பிள்ளை. அவர்களில் நம் உறவினரும் இருந்திருப்பார்கள்.

இனி அந்த 100 மில்லியனுக்கு வருவோம். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 20,000 என்றால், குடும்பத்துக்கு 5,000 ரூபா. ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 1,000 ரூபா என்றால், அது ஐந்து நாளுக்குக் காணும். ஆறாம் நாள் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

ஆகவே பெரிய தொகை ஒன்றைக் கேட்டால் மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை பேருக்கு? எத்தனை நாளைக்கு? நமக்கு எவ்வளவு? கூட்டங்களில் அதிகாரிகளிடமும் இவற்றையே கேளுங்கள். வகுக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், இந்தக் கணக்கு நம் கைக்குள் வந்துவிடும்.