உங்களுக்குத் தெரியுமா? எண்ணூர்ச் சேற்றுக்கு ஆர்க்டிக் விருந்தாளி!

எடை சுமார் 30 கிராம்தான். ஆர்க்டிக் துந்திராவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் பறவை, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் சூழ்ந்த எண்ணூர்க் கழிமுகச் சேற்றுக்குக் குளிர்காலத்தில் இரை தேடி வருகிறது!

● இத்தகைய பறவைகள் உட்பட எல்லாப் பறவைகளையும் தன்னார்வலர்கள் எண்ணுவதற்காக, 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பொங்கலையொட்டி 4 நாட்கள்.

● பட்டம் எதுவும் தேவையில்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிந்தால் போதும். ராயபுரம் மொட்டைமாடிக் காகமும் கணக்கில் உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மேலே வட்டமிடும் பருந்தும் உண்டு.

● 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோது, எண்ணூர்க் கூழைக்கடாக்களின் வெள்ளை இறகுகள் கறுத்துப்போயின. அடுத்த மாதமே பொங்கல் கணக்கெடுப்பு வந்தது.