போரில் இழந்த நடை. நீரில் வென்ற தங்கம்: நீச்சல் தரும் நலன்கள்

நீச்சல் ஒரு விளையாட்டு மட்டுமல்ல. உடல் இயக்கத்தை இழந்தவர்களுக்கு மறுவாழ்வு தரும் பயிற்சியும் ஆகும். இதற்குப் புனேயைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர் முர்லிகாந்த் பெட்கரின் வாழ்க்கையே சான்று.

குத்துச்சண்டை வீரரான பெட்கர், 1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். சிகிச்சையின் ஒரு பகுதியாக நீச்சலை மேற்கொண்ட அவர், 1972இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பிரிவில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் இதுவே. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நவீன ஒலிம்பிக்கில் நீச்சல் 1896ஆம் ஆண்டு முதலே இடம்பெற்று வருகிறது. ஏதென்ஸில் நடந்த அந்த முதல் போட்டியில் வீரர்கள் கடலில்தான் நீந்தினர். பெண்களுக்கான நீச்சல் 1912இல் சேர்க்கப்பட்டது. 1960இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்கிலும் நீச்சல் இடம்பெற்றது.

நீரின் மிதப்பு விசை உடலைத் தாங்குவதால் மூட்டுகளின் சுமை குறைகிறது. கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கையே சுமக்கின்றன. எனவே மூட்டுவலி உள்ளோரும் முதியோரும் வலியின்றி உடலை அசைக்க முடிகிறது. அதேவேளையில், நீரின் எதிர்ப்பு தசைகளை வலுப்படுத்துகிறது. இதயமும் நுரையீரலும் திறன் பெறுகின்றன.

பெரியவர்கள் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அதை நீச்சல் மூலமும் நிறைவு செய்யலாம். எனினும், இதய நோய், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே நீந்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பயிற்சியாளரின்றி நீரில் இறங்குதல் கூடாது.