காலியாகப் பறக்கும் விமானம்



செலண்டாரிலிருந்து ஒரு குடும்பம் திருச்சிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். ஊரில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். விடியற்காலையில் வேன் பிடித்து, தாத்தாவின் மருந்துப் பை, முறுக்கு டின், துணி மூட்டை சகிதம் சிப்பாங் விமான நிலையத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே அறிவிப்புப் பலகையில், தொழில்நுட்பக் காரணத்தால் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று போட்டிருக்கிறது. கண்ணாடி வழியே பார்த்தால், அதே கம்பெனியின் இன்னொரு விமானம் ஒரு பயணிகூட ஏறாமல் நகர்ந்து போய், ஓடுபாதையில் ஓடி, வானில் எழும்புகிறது.

"சும்மாதானே போகுது, அதுல நம்மள ஏத்திட்டுப் போனா என்னவாம்?" என்று பாட்டி கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரியை நாம் தினமும் பார்க்கிறோம். ஆலைக்குப் போகும்போது பாரத்தோடு போகிறது. திரும்பும்போது காலியாக வருகிறது. அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. லாரி திரும்பி வந்தால்தானே அடுத்த நடை உண்டு? விமானமும் அப்படித்தான். தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் ஊரில் அது நின்றாக வேண்டும். அதற்காக ஆள் ஏற்றாமல் பறப்பதை 'இடமாற்றப் பறப்பு' என்று நாம் சொல்லலாம்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஹஜ் பயணக் காலம். யாத்திரிகர்களை ஜெட்டாவுக்கும் மதினாவுக்கும் கொண்டுபோகும் வாரங்களில் தனி விமானங்கள் நிறைந்த கூட்டத்தோடு போகின்றன. ஆனால் அந்த வாரங்களில் திரும்பி வர ஆள் ஏது? ஆகவே பெரும்பாலும் காலியாகவே வருகின்றன. யாத்திரை முடிந்ததும் கதை தலைகீழாகிறது. காலியாகப் போய், நிறைந்து வருகின்றன.

2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது இன்னொரு காட்சியைக் கண்டோம். பயணிகள் இல்லாததால், நமது வட்டாரத்து விமானங்கள் பல ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊருக்குக் காலியாகவே பறந்து போய் நிறுத்தப்பட்டன. அங்கே காற்று வறண்டது; ஆகவே எளிதில் துருப்பிடிக்காது. நிலைமை சீரானதும் பலவற்றைப் பரிசோதித்து, காலியாகவே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இன்னும் ஒரு வகை உண்டு. ஒரு விமானம் வெளியூரில் பழுதாகி நிற்கிறது. அதைச் சரி செய்யும் கொட்டகையோ வேறு ஊரில் இருக்கிறது. பழுதின் தன்மையைப் பரிசீலித்து, விமானத்துறை அதிகாரிகள் சிறப்பு அனுமதி கொடுத்தால், விமானிகள் மட்டும் அதை ஓட்டிச் செல்லலாம். பயணி ஒருவரையும் ஏற்றக் கூடாது.

ஆகவே பாட்டி பார்த்த அந்த விமானம் ஒருவேளை பழுது பார்க்கப் போயிருக்கலாம். அல்லது, வேறோர் ஊரில் காத்திருக்கும் பயணிகளை ஏற்றி வரப் போயிருக்கலாம். அதில் திருச்சிப் பயணிகளை ஏற்ற வேண்டுமானால், வேலை நேரம் மிச்சமுள்ள விமானிகள் வேண்டும். போதிய பணிப்பெண்கள் வேண்டும். இந்தியாவில் இறங்க அனுமதி வேண்டும். பஸ்ஸைத் திருப்பிவிடுவது போல விமானத்தைத் திருப்பிவிட முடியாது.

சரி, பழுதான விமானத்தின் கதை என்ன? தோட்டத்து ஆலையில் இயந்திரத்தின் பெல்ட் அறுந்துவிட்டால் என்ன செய்கிறோம்? ஸ்டோரில் இல்லையென்றால் பக்கத்து ஆலையில் கேட்டு வாங்கி வேலையை ஓட்டுகிறோம். விமானக் கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. ஒரு பெரிய விமானத்தில் பல இலட்சம் பாகங்கள் உண்டு. எல்லா ஊரிலும் எல்லாப் பாகத்தையும் வாங்கி வைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. அதனால் பல நாட்டுக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, ஓர் ஊரில் நீ சக்கரம் வை, இன்னோர் ஊரில் நான் பம்பு வைக்கிறேன் என்று உடன்பாடு செய்துகொள்கின்றன. வானத்தில் போட்டிக்காரர்களாக இருப்பவர்கள் தரையில் ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

கைமாற்று கிடைக்காவிட்டால் சொந்த ஸ்டோரிலிருந்து அனுப்பியாக வேண்டும். 2016 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனியின் நான்கு இயந்திர விமானம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் ஜோஹனஸ்பர்க்கில் நின்றுவிட்டது. அதற்கு ஒரு மாற்று இயந்திரம் தேவைப்பட்டது. என்ன செய்தார்கள்? சிட்னியிலிருந்து அங்கே போகும் அதே வகை விமானத்தின் இடது இறக்கைக்குக் கீழே ஐந்தாவது இயந்திரத்தைத் தொங்கவிட்டு, பயணிகளோடு சேர்த்து அதையும் கொண்டுபோனார்கள்!

வேறு வழியில்லாதபோது, கொட்டகையில் நிற்கும் ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்துவதும் உண்டு. இதைக் கேட்டதும், 'பழைய சாமானைப் போட்டா நம்மை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்?' என்று மனம் திடுக்கிடலாம். ஆனால் பாகம் புதியதா பழையதா என்பது கேள்வியல்ல. அதற்குத் தாள் இருக்கிறதா என்பதே கேள்வி.

நம் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருப்பது போல, விமானத்தின் முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் பத்திரம் உண்டு. எங்கே செய்யப்பட்டது, எந்த விமானத்தில் இருந்தது, எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை ஏறி இறங்கியது, கடைசியாகப் பரிசோதித்துக் கையெழுத்திட்டவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்திரம் இல்லாத பாகம் பார்வைக்குத் தங்கம் போல் மின்னினாலும் விமானத்துக்கு உதவாது.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும்? 1989 செப்டம்பரில் நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் பறந்த ஒரு விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். வாலின் செங்குத்துப் பகுதியை உடலோடு பிணைத்த போல்ட்டுகளில் சில தரமற்ற போலிகள் என்று விசாரணையில் தெரிந்தது. 2023-இல் லண்டன் கம்பெனி ஒன்று பொய்ப் பத்திரங்களோடு இயந்திரப் பாகங்களை விற்றது வெளிச்சத்துக்கு வந்தது. உடனே பல நாட்டு விமானக் கம்பெனிகள் இயந்திரங்களைத் திறந்து தேடித் தேடி அப்பாகங்களைக் கழற்றின.

அப்படியானால் அந்த மூன்று மணி நேரத் தாமதத்தில் என்னதான் நடந்திருக்கும்? பாகம் எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பார்கள், பொருத்தியிருப்பார்கள், சோதித்திருப்பார்கள். கடைசியில் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர், 'இது பறக்கத் தகுதியானது' என்று தம் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மேலாளர் அவசரப்படுத்தலாம், பயணிகள் கோபப்படலாம். மனம் ஒப்பாதவரை அவர் பேனாவை எடுக்கக் கூடாது. நம் உயிர் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இந்த வேலைக்குப் பாகமும் வேண்டும், கைகளும் வேண்டும். இயந்திரக் குறைபாட்டால் இந்தியாவின் இண்டிகோ கம்பெனியின் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தரையில் நின்றன. நம் நாட்டிலும், 2024 ஆகஸ்டில் மலேசியா ஏர்லைன்ஸ் அவ்வாண்டு இறுதி வரை தன் சேவைகளில் சிலவற்றைக் குறைப்பதாக அறிவித்தது. பாகங்கள் கிடைக்காதது ஒரு காரணம். அந்த ஆண்டு ஜனவரி முதல் ஆகஸ்டு வரை அதன் பராமரிப்புப் பிரிவிலிருந்து திறன்மிக்க ஊழியர் 63 பேர் விலகிப் போனது இன்னொரு காரணம். விமானத்துறை ஆணையம் அக்கம்பெனியின் உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஓர் ஆண்டாகக் குறைத்தது. 63 பேர் போனதற்கு ஒரு தேசத்தின் விமானச் சேவையே தள்ளாடியது என்றால், அந்தக் கைகளின் மதிப்பு என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களே, இங்கேதான் உங்களிடம் ஒரு வார்த்தை. விமான வேலை என்றால் நம் பிள்ளைகள் விமானி, பணிப்பெண் என்ற இரண்டைத்தான் நினைக்கிறார்கள். ஸ்பானர் பிடிக்கும் கையும் விமானத்தைப் பறக்கவைக்கும் கைதான். நம் மலாக்காவிலேயே, பத்து பெரெண்டத்தில், 1990-இல் தொடங்கப்பட்ட சி.டி.ஆர்.எம். என்ற தொழிற்சாலை இருக்கிறது. கரி இழையையும் பிசினையும் சேர்த்து ஏர்பஸ் விமானங்களின் இறக்கைப் பலகைகளை அங்கே செய்கிறார்கள். கணிதத்திலும் அறிவியலிலும் ஆங்கிலத்திலும் கவனம் செலுத்தி எஸ்.பி.எம். தேறிய பிள்ளை, விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். சைக்கிளைப் பிரித்துப் பூட்டும் மகனையோ மகளையோ 'கையெல்லாம் எண்ணெய்' என்று அதட்டுவதற்கு முன் சற்றே யோசியுங்கள்.

பொறுமை வேண்டும் என்று சொன்னோமே தவிர, வாய் மூடி இருக்கச் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிப்படி, இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் தாமதமானால் உணவு கொடுக்க வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரமும் அதற்கு மேலும் தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முகப்பில் மரியாதையாகக் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை.

பாட்டிக்கு இப்போது என்ன சொல்வோம்? "பாட்டி, அந்த விமானம் அதன் வேலைக்குத்தான் போகிறது. நம் விமானத்துக்கு ஒருவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் போடுகிற வரைக்கும் நாம் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்போம்."